எங்கட டிஎன்ஏயில் பாதிக்குக் கிட்டத் தாவும் துண்டுகள் என்றால், அவற்றை அமர்த்தி வைப்பது எது?

ரியூசன் மாஸ்ரர் · சனி, இரவு 9.40

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன், தமிழ் மூலம். இன்று பின்னேர வகுப்பில் பிறப்புரிமையியல் அலகு. மனித டிஎன்ஏயில் புரதம் செய்யும் பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு, ஏறத்தாழ 45 சதவீதம் தாவும் துண்டுகளும் (டிஎன்ஏக்குள் புதிய இடங்களில் போய்ப் புகக்கூடியவை) அவற்றின் எச்சங்களும் என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகப் பார்த்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், தாவுற துண்டு இவ்வளவு இருந்தா ஏன் நாங்கள் உடைஞ்சு போகேல்ல?"

பெரும்பாலானவை பழுதாகிச் செத்தவை என்றேன். "சாகாதது?" என்றாள். மீதைல் என்ற சின்ன இரசாயனக் குறி போட்டுக் கலம் அடக்கி வைத்திருக்கிறது என்றேன். "எதை அடக்க வேணும் எண்டு கலத்துக்கு எப்பிடித் தெரியும்?"

அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அடுத்த சனி சொல்கிறேன் என்று சொல்லி வகுப்பை முடித்தேன். பாடநூலில் இதற்கு ஒரு வரி கூட இல்லை. அரைகுறையாகச் சொல்லி அந்தப் பிள்ளையை ஏமாற்ற எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாக எழுதுங்கோ.

கலக்கரு · சனி, இரவு 11.15

மாஸ்ரர், அந்தப் பிள்ளையின் மூன்றாவது கேள்விக்காகவே ஆய்வுகூடங்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் ஆய்வுப் பட்டத்துக்காக வெளிநாட்டில் நாலு வருடம் குரோமற்றினோடு, அதாவது டிஎன்ஏயும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்ததோடு, கிடந்தவள். இப்போது கொழும்பில் வேலை. இரவில் நேரம் கிடைக்கும்போது துண்டு துண்டாக எழுதுகிறேன்.

முதலில் எதைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று பார்ப்போம். லைன்-1 என்ற துண்டு எங்களிடம் ஏறத்தாழ 5 லட்சம் பிரதிகள் இருக்கிறது, முழு டிஎன்ஏயில் 17 சதவீதம். ஒரு முழு லைன்-1 ஏறத்தாழ 6,000 எழுத்து (டிஎன்ஏயின் ஏ, ரி, ஜி, சி) நீளம். ஆனால் அந்த 5 லட்சத்தில் பெரும்பாலானவை தலைப்பக்கம் அறுந்து நிற்பவை. இன்றும் தாவக்கூடியவை ஒருவரிடம் 80 இலிருந்து 100 வரைதான். அலு என்பது 300 எழுத்து அளவிலான சின்னத் துண்டு, 10 லட்சத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குச் சொந்தக் கருவி கிடையாது, லைன்-1 செய்யும் புரதத்தை இரவல் வாங்கித் தாவும். இவை போக, எப்போதோ எங்கள் முன்னோரின் முட்டையிலோ விந்திலோ நுழைந்து தங்கிவிட்ட ரெட்ரோ வைரஸ்களின் (எச்ஐவி போன்றவை) எச்சங்கள் 8 சதவீதமளவு.

லைன்-1 தாவும் விதத்தைக் கவனியுங்கள், பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடி. அது தன்னைப் பிய்த்துக்கொண்டு போவதில்லை. முதலில் ஆர்என்ஏயாகப் பிரதியாகிறது. அந்த ஆர்என்ஏ கலத்தின் கருவை விட்டு வெளியே போய் இரண்டு புரதங்களைச் செய்விக்கிறது. அந்தப் புரதங்கள் அதே ஆர்என்ஏயைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கருவுக்குள் வருகின்றன. ஒன்று டிஎன்ஏயை வெட்டி, வெட்டிய இடத்திலேயே ஆர்என்ஏயைப் பார்த்துப் புதிய டிஎன்ஏயை எழுதுகிறது. பழையது இருந்த இடத்தில் இருக்க, புதியது இன்னோரிடத்தில் முளைக்கும். ஆர்என்ஏ வழியாகப் போய் வருகிறது என்பதை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

"ஏன் உடையவில்லை" என்ற கேள்விக்கு, சிலவேளை உடைகிறோம் என்பதுதான் உண்மையான பதில். 1988இல் ஹெய்க் கசாசியனின் குழு குருதி உறையாமை நோயுள்ள 240 பேரைப் பார்த்தது. அதில் இருவருக்கு, உறைதற் காரணி 8இன் பரம்பரையலகுக்கு நடுவில் ஒரு லைன்-1 வந்து குந்தியிருந்தது. பெற்றோரிடம் அது அந்த இடத்தில் இல்லை, புதிதாகத் தாவியது. மனிதனில் இவை இன்றும் தாவுகின்றன என்பதற்கு முதல் நேரடிச் சான்று அது.

மிச்சம் நாளை.

ஆமர்வீதி · ஞாயிறு, காலை 6.05

நான் ஓய்வு பெற்ற மருந்தாளர். 'செல்' என்று எழுதாமல் 'கலம்' என்று எழுதியதற்கு நன்றி மகள். சென்னையில் படிக்கும் என் பேரன் இதை வாசித்துவிட்டு 'கலம் என்றால் பாத்திரம் அல்லவா தாத்தா' என்று கேட்கிறான். பாத்திரமும்தான், மரக்கலமும்தான் என்றேன்.

நாங்கள் படித்த காலத்தில் இவை பற்றிப் பேச்சே இல்லை. பாபரா மக்ளின்ரொக் என்ற அம்மையார் சோளத்தில் கண்டுபிடித்தார் என்று பிற்காலத்தில் பத்திரிகையில் வாசித்த ஞாபகம்.

கலக்கரு · ஞாயிறு, காலை 8.30

ஐயா, அதே அம்மையார்தான். காலி வீதியோரத்தில் அவித்து விற்கிற சோளப்பொத்தியில் எல்லா விதையும் ஒரே மஞ்சள். அவர் வளர்த்த சோளத்தில் ஒரு விதையிலேயே ஊதாவும் வெள்ளையுமாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஒரு துண்டு நிறத்துக்குரிய பரம்பரையலகுக்குள் புகுந்தால் அந்த இடம் வெள்ளை. விதை வளரும்போது சில கலங்களில் துண்டு வெளியேறினால் அங்கே ஊதாப் புள்ளி. புள்ளியின் பருமனை வைத்தே எவ்வளவு நேரத்தோடு வெளியேறியது என்று கணக்கிட்டார். 1940களில் தொடங்கிய வேலை, 1951இல் அவர் பேசியபோது கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. 1983இல் நொபெல் பரிசு கிடைக்கும்போது அவருக்கு 81 வயது.

இன்னொன்றையும் அவர்தான் முதலில் கண்டார். அதே துண்டு, ஓர் எழுத்தும் மாறாமல், சில தலைமுறைகளுக்கு ஓய்ந்து கிடந்து பிறகு திரும்ப இயங்கும். எழுத்து மாறாமல் இயக்கம் மட்டும் மாறுவது. எங்கள் இழையின் பொருளே அதுதான்.

நிரலன் · ஞாயிறு, காலை 10.12

நான் மென்பொருள்காரன், உயிரியலை ஓஎல்லோடு விட்டனான். எனக்கு இது வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் மாதிரித்தான் படுகுது. தெரிந்த வைரஸ்களின் கையொப்பப் பட்டியல் ஒன்று இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பிடிக்கும். கலத்திலும் அப்படிப் பட்டியல் இருக்குதா? இருந்தால் யார் புதுப்பிக்கிறது?

கலக்கரு · ஞாயிறு, பிற்பகல் 2.50

தம்பி, பட்டியல் இருக்கிறது. பட்டியல் இல்லாத வழியும் இருக்கிறது. முதலில் பட்டியல்.

எங்கள் டிஎன்ஏயில் 'கிராப் நாக விரல்' புரதங்கள் என்று ஒரு பெரிய குடும்பம், 350க்கு மேல். நாகம் (சிங்க்) என்ற உலோகத்தின் அயன் ஒன்றைச் சுற்றி மடிந்த சின்னச் சின்ன விரல்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு விரலும் டிஎன்ஏயின் மூன்று நாலு எழுத்தைத் தடவிப் பார்க்கும். விரல்கள் சேர்ந்து ஒரு நீளமான சொல்லை வாசிக்கும். ஒவ்வொரு புரதமும் அனேகமாக ஒரு குறிப்பிட்ட தாவும் துண்டின் சொல்லுக்கென்றே அமைந்தது. சொல் பொருந்தினால் அதில் ஒட்டிக்கொண்டு காப்1 என்ற புரதத்தைக் கூப்பிடும். காப்1 வந்தால் செட்-டிபி1 என்ற நொதியம் வரும்.

செட்-டிபி1 செய்யும் வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். டிஎன்ஏ நூல் ஹிஸ்ரோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றப்பட்டிருக்கிறது அல்லவா? அந்த உருண்டைகளிலிருந்து வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூன்றாம் ஹிஸ்ரோனின் வாலில் ஒன்பதாவது இடத்தில் ஒரு லைசின். அந்த ஒரே லைசினில் மூன்று மீதைல் கூட்டங்களை ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான். அந்த மூன்று மீதைலைப் பிடிக்கும் வேறு புரதங்கள் வந்து உருண்டைகளை நெருக்கி அடுக்குகின்றன. பிரதியெடுக்கும் நொதியம் உள்ளே நுழைய இடமில்லாமல் போகிறது. ஆர்என்ஏ இல்லையென்றால் தாவலும் இல்லை. துண்டு அங்கேயேதான் இருக்கிறது, ஓர் எழுத்தும் அழியவில்லை.

பட்டியலை யார் புதுப்பிக்கிறது என்றால் கூர்ப்புத்தான், அதனால் மிக மெதுவாக. 2014இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ZNF93ஐத் தமிழில் 'நாக விரல் 93' என்று எழுதுகிறேனே. அது லைன்-1இன் ஒரு பழைய வகையை வாசித்து அடக்கி வந்தது. அந்த லைன்-1இன் வழித்தோன்றல் ஒன்று, நாக விரல் 93 தடவும் இடத்தையே, 129 எழுத்துகளை, தன்னிடமிருந்து இழந்துவிட்டது. இழந்தது தப்பிப் பெருகியது. அந்தப் பெருக்கத்தின் எச்சம் உங்களிடமும் என்னிடமும் இருக்கிறது.

நிரலன் · ஞாயிறு, பிற்பகல் 3.20

'நாக விரல் 93' நல்லா இருக்கு அக்கா, அப்படியே வைச்சிருங்கோ.

பட்டியலில் உள்ள ஓட்டை எனக்கு உடனே தெரியுது. இன்றைக்குப் புதிதாக உள்ளே வரும் வைரஸ் எந்தப் பட்டியலிலும் இருக்காதே. லட்சம் வருடம் காத்திருக்கவா?

கலக்கரு · ஞாயிறு, இரவு 10.05

அங்கேதான் அந்தப் பிள்ளையின் கேள்வி வந்து நிற்கிறது. முன்பின் கண்டிராத ஒன்றை, அது அயலானது என்று கலம் எப்படி அறிகிறது?

2015இல் கேம்பிரிட்ஜில் போல் லெனரின் குழு ஒரு பரிசோதனை செய்தது. மனிதக் கலங்களுக்குள் பச்சையாக ஒளிரும் புரதத்தின் பரம்பரையலகை ஒரு வைரஸ் காவியில் ஏற்றி நுழைத்தார்கள். சில கலங்களில் அது நன்றாக ஒளிர்ந்தது, சிலவற்றில் கலம் அதை அமர்த்திவிட்டது, இருட்டு. இருட்டாகிப் போன கலங்களை மட்டும் எடுத்து, அவற்றின் சொந்தப் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக, எழுந்தமானமாக உடைத்தார்கள். அவர்கள் பயன்படுத்தியது நிறமூர்த்தங்கள் பெரும்பாலும் ஒற்றையாகவே இருக்கும் ஒரு கலவகை. அதனால் ஒன்றை உடைத்தால் ஈடுசெய்ய இன்னொரு பிரதி இல்லை. பிறகு எந்தக் கலம் திரும்பப் பச்சையாகிறது என்று தேடினார்கள். பச்சையான கலத்தில் எது உடைந்திருக்கிறதோ அதுதான் அதுவரை அமர்த்தி வைத்திருந்தது.

அப்படி மூன்று புரதங்கள் கையில் கிடைத்தன: டாசோர், எம்பிபி8, பெரிபிலின். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்பவை. அந்தக் கூட்டுக்கு 'ஹஷ்' என்று பெயர் வைத்தார்கள். குழந்தையை 'உஸ்' என்று அமர்த்தும் சத்தம் அது. ஹஷ்ஷும் கடைசியில் அதே செட்-டிபி1ஐத்தான் கூப்பிடுகிறது, அதே மூன்று மீதைல். கூடவே மோர்க்2 என்ற புரதம் வந்து இறுக்குகிறது.

எப்படி அறிகிறது என்பது 2022இல் அதே ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. ஹஷ் பார்ப்பது இன்ரோன் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான்.

மாஸ்ரருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக: எங்கள் பரம்பரையலகுகளில் பெரும்பாலானவை இடையிடையே இன்ரோன் என்ற இடைத்துண்டுகளால் அறுக்கப்பட்டவை. முதலில் எல்லாவற்றையும் ஆர்என்ஏயாக எடுத்து, பிறகு இன்ரோன்களை வெட்டி எறிந்து, மிச்சமான எக்சோன்களைக் கலம் தைக்கும். இப்போது லைன்-1 தாவும் விதத்தை நினைத்துப் பாருங்கள். அது ஆர்என்ஏ வழியாகப் போய் டிஎன்ஏயாகத் திரும்புகிறது. இன்ரோன் ஒன்று இருந்திருந்தாலும் ஆர்என்ஏயில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஆக, ஆர்என்ஏ வழியாக வந்த எதுவும் நீளமாக, இன்ரோன் இல்லாமல், வெட்டுத் தையல் இல்லாத ஒரே துணியாகத்தான் வந்து சேரும். அந்தத் தடத்தை அதனால் மறைக்க முடியாது. தாவும் வழியே காட்டிக்கொடுக்கிறது.

ஏறத்தாழ 1,500 எழுத்துக்கு மேல் நீளமாக, இன்ரோன் இல்லாமல், ஏ எழுத்து மிகுந்து ஒரு பிரதி வெளியே வந்தால் ஹஷ் அந்த ஆர்என்ஏயைப் பிடித்து, அது வந்த டிஎன்ஏ இடத்தையே அடைக்கிறது. அதே துண்டுக்கு நடுவில் ஓர் இன்ரோனை வைத்துப் பார்த்தார்கள். ஹஷ் தொடாமல் விட்டுவிட்டது.

இதை முதன்முதல் வாசித்த அன்று நான் ஆய்வுகூடத்தில் இருந்து எழும்பி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். இவ்வளவு எளிமையான விடை ஒன்றுக்குள் இவ்வளவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நிரலன் · ஞாயிறு, இரவு 10.30

விளங்கிட்டுது அக்கா! சோதனைச்சாவடி. இன்ரோன்தான் அடையாள அட்டை. அட்டை இருந்தா போகலாம், இல்லாட்டி உள்ளே.

ஆமர்வீதி · திங்கள், காலை 5.50

தம்பி, நீங்கள் நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இந்த உவமையில் எனக்கு ஒரு தடை உண்டு.

நான் இந்த நகரத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். அட்டை இல்லாதவனை நிறுத்துவார்கள் என்றுதான் நாங்களும் நம்பினோம். அட்டை இருந்தும், அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததற்காகவே பேருந்திலிருந்து இறங்கி ஓரமாக நின்ற நாட்கள் எத்தனையோ. சட்டைப் பையில் அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடப்பது என் வலக்கைக்கு இன்றும் பழக்கம். வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த உவமையைச் சொன்னால், வீட்டில் அவர்களின் தாய் தகப்பனுக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் இதிலிருந்து ஒரு கேள்வி வருகிறது, மகளிடம் கேட்கிறேன். தன்னுடையதையே அயலானது என்று எண்ணி இந்த ஹஷ் நிறுத்துவதில்லையா?

நிரலன் · திங்கள், காலை 7.40

ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. என்ர அப்பாவுக்கும் அதே பழக்கம் இருக்கு, பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. ஏன் எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லை. உவமையை எடுத்துவிடுறன்.

கலக்கரு · திங்கள், இரவு 9.25

ஐயா, நிறுத்துகிறது. எங்கள் சொந்தப் பரம்பரையலகு ஒன்றின் ஆர்என்ஏயை லைன்-1இன் நொதியம் தவறுதலாகப் பிடித்து டிஎன்ஏயாக எழுதிவிடுவதுண்டு. அப்படிப் பிறந்த பிரதிகள் எங்களிடம் ஆயிரக்கணக்கில். இவற்றுக்கும் இன்ரோன் இல்லை, ஹஷ் இவற்றில் பலவற்றையும் அமர்த்துகிறது. சொந்தமா அயலா என்று அது கேட்பதில்லை. ஆர்என்ஏ வழியாக வந்தாயா என்பது மட்டும்தான் அதன் கேள்வி. அதனால்தான் அட்டை உவமை அறிவியலாகவும் பொருந்தாது. அட்டை ஒருவர் கொடுப்பது. இது வந்த பாதை உடலில் விட்ட தடம்.

ஹிஸ்ரோனைச் செய்யும் எங்கள் சொந்தப் பரம்பரையலகுகளுக்கும் இன்ரோன் கிடையாது. ஆனால் அவை மிகவும் குட்டை. நீள அளவுகோல் அவற்றைத் தப்ப வைக்கிறது.

இன்னொன்று. அமர்த்திய எதுவும் பயனற்றது என்று யாரும் எண்ண வேண்டாம். தாயையும் சேயையும் இணைக்கும் சூல்வித்தகத்தில் கலங்களை ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கும் சின்சிற்றின் என்ற புரதம் பழைய ரெட்ரோ வைரஸ் ஒன்றின் உறைப் புரதம், 2000ஆம் ஆண்டு அடையாளம் கண்டார்கள். பிறபொருளெதிரிகளின் பரம்பரையலகுகளை வெட்டிச் சேர்க்கும் எங்கள் நொதியம் ஒரு தாவும் துண்டிலிருந்து வந்தது. அடைத்து வைத்ததால்தான் உயிரோடு இருந்தோம், உயிரோடு இருந்ததால்தான் அவற்றில் சிலதை எடுத்தாள நேரம் கிடைத்தது.

இரவுப்பணி · செவ்வாய், அதிகாலை 3.15

நான் தாதி. இப்ப வார்ட் அமைதியா இருக்கு, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு முழு இழையையும் வாசிச்சு முடிச்சனான். இரண்டு விசயம் கேக்க வேணும்.

ஒண்டு. எங்கட பிரிவில எலும்பு மச்சை நோயாளிகளுக்கு அசாசிற்றிடின் போடுறம். குப்பியில வெள்ளைத் தூள், 100 மில்லிகிராமுக்கு 4 மில்லிலீற்றர் நீர் விட்டால் கரையாது, கஞ்சித் தண்ணி மாதிரிக் கலங்கி நிக்கும். போட முன்னம் சிறிஞ்சை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில வைச்சு உருட்ட வேணும், இல்லாட்டி அடியில படிஞ்சிடும். ஒவ்வொரு நாளும் உருட்டுறன். இது டிஎன்ஏயில மீதைல் குறியைக் குறைக்கிற மருந்து எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை. அப்ப அக்கா, அடைச்சு வைச்ச துண்டெல்லாம் எழும்பாதோ? அது நல்லமோ கூடாதோ?

மற்றது என்ர அம்மா. 71 வயது. போன மாதம் இடப்பக்க விலாவில அக்கி போட்டது, பட்டி கட்டின மாதிரி முதுகிலயிருந்து முன்னுக்கு ஒரு பக்கம் மட்டும். சின்ன வயதில கொப்புளிப்பான் வந்தது அவவுக்கு ஞாபகம் இருக்கு, வேப்பிலையில படுக்க வைச்சவையாம். 60 வருசம் அது எங்க இருந்தது?

கலக்கரு · செவ்வாய், இரவு 8.40

தங்கச்சி, நீங்கள் உருட்டும் அந்தச் சிறிஞ்சைப் பற்றி நாள் முழுக்க யோசித்தேன்.

இதுவரை நான் ஹிஸ்ரோன் வாலில் போடும் குறியைத்தான் எழுதினேன். டிஎன்ஏ எழுத்திலேயே போடும் குறி இன்னொன்று: ஜி எழுத்துக்கு முன்னால் நிற்கும் சி எழுத்தில் ஒரு மீதைல். மாஸ்ரர் வகுப்பில் சொன்னது இதை. கலம் பிரியும்போது டிஎன்ஏ இரட்டிக்கிறது, புதிய இழையில் இந்தக் குறி இருக்காது. பழைய இழையில் குறி, புதியதில் வெறுமை என்ற பாதி நிலையை ஒரு புரதம் கண்டுபிடித்து, டிஎன்எம்ரி1 என்ற நொதியத்தை அழைத்து வந்து புதிய இழையிலும் குறியை எழுத வைக்கிறது. ஒவ்வொரு கலப்பிரிவிலும் இது நடக்க வேண்டும். ஒருமுறை பூட்டிவிட்டுச் சாவியைக் கடலில் எறிந்துவிட்டுப் போகிற வேலை அல்ல இது, உங்கள் இரவுப்பணி மாதிரி ஆள் மாறி ஆள் நின்று பார்க்கிற வேலை. அசாசிற்றிடின் சி எழுத்தின் வேடத்தில் டிஎன்ஏக்குள் போய் அந்த நொதியத்தைப் பிடித்து ஒட்ட வைத்துவிடும். கலம் பிரியப் பிரியக் குறி மங்கும்.

துண்டுகள் எழும்பாதோ என்று கேட்டீர்கள். எழும்புகின்றன. 2015இல் இரண்டு குழுக்கள் வெவ்வேறாக இதைக் காட்டின. புற்றுநோய்க் கலத்தில் குறி மங்கியதும் பழைய ரெட்ரோ வைரஸ் எச்சங்கள் ஆர்என்ஏயாக வெளிவருகின்றன. இரண்டு பக்கமும் பிரதியாவதால் இரட்டை இழை ஆர்என்ஏ உண்டாகிறது. அதைக் கண்டு வைரஸ் தொற்றியது என்று கலம் எண்ணி இன்ரபெரோன் என்ற எச்சரிக்கைப் புரதத்தை எழுப்புகிறது. வைரஸ் எதுவும் இல்லாமலே வைரஸ் வந்த கலமாகப் புற்றுநோய்க் கலம் தன்னைக் காட்டிக்கொள்கிறது. மருந்து செய்யும் நன்மையில் ஒரு பங்கு இப்படி வருகிறது என்பது அவர்களுடைய முடிவு. ஒரே முறையில் முடியாமல் 28 நாளுக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு 7 நாள் என்று நீங்கள் போடுவதற்கும் காரணம் கலப்பிரிவுதான். கலம் பிரியும் வேளையில்தான் மருந்து டிஎன்ஏக்குள் ஏறும்.

அம்மாவுக்கு இப்போது சுகமா? அக்கி வலி ஆறினாலும் நரம்புக்கொதி சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும், கவனமாகப் பாருங்கள். அந்த 60 வருடமும் கொப்புளிப்பான் வைரஸ் முள்ளந்தண்டை ஒட்டிய நரம்புக் கணுவில் இருந்தது, அவவின் நரம்புக் கலங்களின் கருவுக்குள், டிஎன்ஏயாக. ஒரு கணுவின் நரம்பு பரவும் பட்டியில் மட்டும் கொப்புளம் போடுவது அதனால்தான். இந்த வைரஸ் குடும்பத்தில் நன்றாகப் படிக்கப்பட்டது உதட்டில் கொப்புளம் போடும் ஹேர்பிஸ் சிம்பிளெக்ஸ். அது வைரஸ் உறைக்குள் இருக்கும்போது அதன் டிஎன்ஏயில் ஹிஸ்ரோனே இல்லை. கருவுக்குள் போன சில மணி நேரத்தில் கலம் அதன்மேல் ஹிஸ்ரோன்களை ஏற்றிவிடுகிறது. நரம்புக் கலத்தில் அந்த ஹிஸ்ரோன்களில் அடைக்கும் குறிகள் விழுகின்றன. நரம்புக் கலம் பிரியாது, வைரஸும் பெருகாது, இரண்டும் அப்படியே கிடக்கும். காய்ச்சலோ கடும் வெயிலோ மன அழுத்தமோ வந்தால் குறிகள் தளர்ந்து எழும்பும்.

ரியூசன் மாஸ்ரர் · புதன், இரவு 10.00

நான்கு நாளாகக் குறிப்பெடுக்கிறேன், கொப்பியில் பதினொரு பக்கம் ஆகிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இவ்வளவு காவல் இருந்தும் எச்ஐவி எப்படி வாழ்கிறது?

கலக்கரு · புதன், இரவு 11.30

வைரஸ்களும் இந்தக் காவலாளரை அறிந்தே வருகின்றன மாஸ்ரர். எச்ஐவி-2இல் விபிஎக்ஸ் என்ற புரதம் உண்டு. அது டாசோரைப் பிடித்துக் கலத்தின் சொந்தக் குப்பைப் பொறிக்குள் தள்ளி அழிக்கிறது. டாசோர் போனால் ஹஷ் கலைந்துவிடும். 2018இல் இரண்டு குழுக்கள் இதைக் கண்டன. எச்ஐவி-1இல் விபிஎக்ஸ் இல்லை.

கல்லீரல் அழற்சி பி வைரஸின் கதையும் அப்படித்தான். அதன் டிஎன்ஏ கருவுக்குள் வட்டமாகத் தனியே மிதக்கும், நிறமூர்த்தத்தோடு ஒட்ட வேண்டியதில்லை. இப்படித் தனியே மிதக்கும் டிஎன்ஏயை அமர்த்துவதற்கென்றே எஸ்எம்சி5/6 என்ற கூட்டு இருக்கிறது. வைரஸின் எக்ஸ் புரதம் அதை அழிக்கிறது, 2016இல் தெரியவந்தது. பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் நாங்கள் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் இந்த வைரஸுக்கு எதிரானதும் ஒன்று என்பதை வகுப்பில் சொல்லுங்கள். காவலாளரை வெல்லத் தெரிந்த வைரஸை வாசலுக்கு முன்னாலேயே மறிக்கலாம்.

எச்ஐவி-1இல் அடக்கமே நோயாளிக்கு எதிராக நிற்கிறது. சில உதவி ரீ கலங்களில் அதன் டிஎன்ஏ அமர்ந்துவிடும். மருந்துக்கும் தெரியாது, நோயெதிர்ப்புக்கும் தெரியாது, மருந்தை நிறுத்தினால் எழும்பி வரும். 2012இல் வொரினோஸ்ரற் என்ற மருந்தால் அவற்றைத் தட்டி எழுப்பிப் பார்த்தார்கள். ஆர்என்ஏ எழும்பியது, ஆனால் ஒளிந்திருந்த கலங்கள் குறையவில்லை. இப்போது சிலர் மறுவழியில் யோசிக்கிறார்கள்: எழுப்பிக் கொல்வதற்குப் பதிலாக, இனி எழும்பவே முடியாதபடி இறுக்கி அடைத்துவிடுவது. எனக்கு இந்த இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை. கலம் ஏற்கெனவே 8 சதவீதம் வைரஸ் எச்சத்தோடு அந்த வழியில்தான் வாழ்ந்து வந்திருக்கிறது.

பின்வாங்கு · வியாழன், பிற்பகல் 4.35

சேர், நான்தான் அந்தக் கேள்வி கேட்டது. வகுப்பு நண்பி இந்த இழையை அனுப்பினாள். எல்லாம் வாசிச்சேன், மூன்று தரம்.

கலக்கரு அக்கா, ஒரு கேள்வி. முட்டையும் விந்தும் வரப்போற கலங்களில் டிஎன்ஏ மீதைல் குறி எல்லாம் அழிஞ்சு திரும்ப எழுதப்படும் எண்டு வேறோரிடத்தில வாசிச்சனான். அழிஞ்ச அந்த இடைவெளியில யார் காவல்? அங்க தாவினால்தானே அடுத்த தலைமுறைக்குப் போகும்?

கலக்கரு · வியாழன், இரவு 9.10

தங்கச்சி, மிகவும் ஆபத்தான நேரத்தையே பிடித்துவிட்டீர்.

நீர் வாசித்தது சரி. சாதாரணக் கலத்தில் அந்தக் குறிக்குரிய இடங்களில் 70 இலிருந்து 80 சதவீதம் நிரம்பியிருக்கும். தாயின் வயிற்றில் சிசு பத்து வாரமளவில் இருக்கும்போது, முட்டையும் விந்தும் ஆகப்போகும் முதல்நிலைப் புணரிக் கலங்களில் அது 10 சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. அந்த வேளையில் ஹிஸ்ரோன் குறி கைகொடுக்கிறது, காப்1உம் செட்-டிபி1உம் தொடர்ந்து நிற்கின்றன. டிஎன்ஏ குறியை ஒரு வேலையாள் அழிக்கும்போது ஹிஸ்ரோன் குறியை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஆணின் புணரிக் கலங்களில் பிவி ஆர்என்ஏ என்று இன்னொரு படையும் உண்டு. 2006இல் முலையூட்டிகளில் கண்டுபிடித்தார்கள். முப்பது எழுத்துக்குக் கிட்டிய மிகச் சிறிய ஆர்என்ஏகள். முன்பு தாவிய துண்டுகளின் கிழிசல்கள் டிஎன்ஏயில் சில இடங்களில் குவிந்து கிடக்கின்றன, அந்தக் குவியல்களிலிருந்து இவை செய்யப்படுகின்றன. பிவி புரதம் இந்தச் சிறு ஆர்என்ஏயை ஏந்திக்கொண்டு, அதோடு பொருந்தும் துண்டின் ஆர்என்ஏயைத் தேடி வெட்டும், அது வந்த இடத்தில் குறியைத் திரும்பப் போடவும் வழிகாட்டும். பிவி புரதம் இல்லாத ஆண் எலிகளில் லைன்-1 கட்டவிழ்கிறது, விந்து உருவாகாமல் எலி மலடாகிறது.

பின்வாங்கு · வியாழன், இரவு 9.50

அப்ப பட்டியல் இருக்கிற காவல், பட்டியல் இல்லாத காவல், பழைய கிழிசலில் இருந்து பட்டியல் செய்யிற காவல். மூன்றும் வேணும், ஒண்டு மற்றதின்ர ஓட்டையை மூடுது. சரியா அக்கா?

கலக்கரு · வியாழன், இரவு 9.58

சரி.

ரியூசன் மாஸ்ரர் · வெள்ளி, இரவு 8.20

நாளை வகுப்புக்கு இந்த இழையை அச்செடுத்துக் கொடுக்கலாமா என்று எல்லாரிடமும் அனுமதி கேட்கிறேன். பெயர்கள் போட மாட்டேன். ஐயா எழுதியதையும் சேர்க்க விருப்பம், அவர் சம்மதித்தால்.

ஆமர்வீதி · வெள்ளி, இரவு 8.45

சேருங்கள். தம்பியின் பதிலையும் சேர்த்தே போடுங்கள்.

இரவுப்பணி · வெள்ளி, இரவு 9.05

எனக்கும் ஒரு பிரதி வேணும் மாஸ்ரர், வார்டில வைக்க. அம்மாவுக்கு வலி குறைஞ்சிட்டுது அக்கா, நேற்று அவவே எழும்பித் தேத்தண்ணி போட்டவ.

கலக்கரு · வெள்ளி, இரவு 9.30

அச்செடுக்க முன் ஒரு திருத்தம் மாஸ்ரர். புணரிக் கலங்களில் குறி அழிவது பற்றி எழுதியபோது, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழிகிறது என்ற எண்ணம் வருகிறது. அப்படி அல்ல. எஸ்விஏ போன்ற, வயதில் இளைய, இன்னும் தாவக்கூடிய சில துண்டுகளில் அந்த நேரத்திலும் குறி எஞ்சி நிற்கிறது. பத்து வாரம் என்ற வரிக்குக் கீழே இதைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளை எப்படியும் கேட்பாள்.